அவசரப் பையும் பழகிய கையும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதெல்லாம் கடலூர் மாவட்டத்து மக்கள் வானத்தையும் வானிலை அறிக்கையையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல். 2015 நவம்பரில் பெருமழையும் வெள்ளமும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் 'ஃபென்ஜால்' புயலை அடுத்துத் தென்பெண்ணையாற்றில் வந்த வெள்ளம். இருபது ஆண்டுகளில் நான்கு பேரிடர்களை இம்மாவட்டம் கண்டிருக்கிறது.

இந்த நான்கும் தன்மையில் வேறுபட்டவை. ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் வீசிய 'தானே' புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. 2024-இல் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலான நீர் திறக்கப்பட, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின.

ஆனால், இவை அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் ஏராளமான வீடுகள், சில மணி நேரம் முதல் சில நாள்கள் வரை, வெளியுலகத் தொடர்பின்றித் தனித்து நின்றன. மின்சாரம் இல்லை, கைப்பேசி இயங்கவில்லை, சாலையை மரமோ வெள்ளமோ மறித்திருந்தது, சுற்றிலும் நீர் நின்றும் குடிக்க நீரில்லை. அடர்ந்த காட்டில் வழிதவறியவரின் நிலையும் ஏறத்தாழ இதுதான். ஆகவே, காட்டில் உயிர் பிழைக்கும் கலை என்று உலகெங்கும் கற்பிக்கப்படும் பயிற்சி, கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் வாழும் நமக்கும் உரியது.

சிதம்பரத்தில் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு, இந்தப் பொருளில் ஆர்வம் பிறந்ததே என் பழைய மாணவர்களால்தான். மலையேற்றத்தில் ஈடுபாடு கொண்ட அவர்களில் சிலர், இணைய அங்காடிகளில் விற்கப்படும் சிறு உயிர்காப்புப் பைகளை வாங்கிவந்து காட்டுவதுண்டு. தீப்பொறி எழுப்பும் தண்டு, பத்து வேலைகளைச் செய்யும் மடக்குக் கத்தி, வடிகட்டும் உறிஞ்சுகுழல், மெல்லிய வெள்ளித்தாள் போர்வை, திசைகாட்டி, ஊதல் எனப் பலவும் உள்ளங்கை அளவுக்குள் அடங்கியிருக்கும். 'இவற்றில் எத்தனையை நீங்கள் ஒருமுறையேனும் பயன்படுத்திப் பார்த்தீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்பே பதிலாக வரும்.

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகளை வகுத்தது. மலையேறுவோருக்கு விதியும் வழிகாட்டியும் வந்துவிட்டன. புயலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே வீட்டில் இருப்போருக்கு யார் வழிகாட்டி? அவரவர் பெற்றிருக்கும் பயிற்சிதான்.

நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், பண்டத்துக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க மிதிவண்டியை எடுத்துக்காட்டாகக் கூறுவார். மிதிவண்டி ஒரு பண்டம். அதனால் கிடைக்கும் பயன், நினைத்த இடத்துக்குச் செல்லும் ஆற்றல். மிதிவண்டியை உடைமையாகக் கொண்டிருப்பதாலேயே அந்த ஆற்றல் ஒருவருக்கு வந்துவிடாது. ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், ஓட்டும் உடல்நிலையும் வேண்டும். அவசரப் பைக்கும் இதே கணக்கு பொருந்தும். பை என்பது பண்டம். இருட்டில், ஈர உடையோடு, அச்சத்தில் நடுங்கும் விரல்களால் அதைத் திறந்து பயன்படுத்துவது திறன்.

இதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் உள்ள கடலோரக் கிராமம் நல்லவாடு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையம் ஒன்றை அமைத்திருந்தது. கடலின் நிலை, வானிலை போன்ற செய்திகளை மீனவர்களுக்கு ஒலிபெருக்கி வழியாக அறிவிப்பது அதன் வழக்கமான பணிகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் சேதமடைந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள்.

அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்கென வாங்கப்பட்டதன்று. மீன்பிடித் தொழிலுக்காக நாள்தோறும் ஒலித்தது. அதை இயக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அதிலிருந்து வரும் குரலை நம்பும் பழக்கம் மக்களுக்கு இருந்தது. அன்றாடம் கையாளும் கருவியே ஆபத்தில் கைகொடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

கருவியே இல்லாமல் அறிவு மட்டும் காத்த சான்றும் உண்டு. அதே நாளில், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலு தீவில், ஏறத்தாழ 78,000 மக்களில் உயிரிழந்தோர் 7 பேர். 1907-இல் அத்தீவைத் தாக்கிய பேரலையின் நினைவைத் தாத்தா, பாட்டிகள் கதையாகவும் பாட்டாகவும் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள். 'நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால் குன்றை நோக்கி ஓடு' என்பதே அதன் சாரம். அதிர்வு தொடங்கியதும் மக்கள் குன்றேறினார்கள்.

எனவே, முதலில் கற்க வேண்டியது வரிசை. உயிர்காப்புப் பயிற்சியாளர்கள் தோராயமான ஒரு மூன்று விதியைச் சொல்வார்கள். மூச்சுக்காற்றின்றி மூன்று நிமிடம். கடுங்குளிர் போன்ற சூழலில் பாதுகாப்பின்றி மூன்று மணி நேரம். நீரின்றி மூன்று நாள். உணவின்றி மூன்று வாரம். மனிதருக்கு மனிதர் இது மாறுபடும் எனினும், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. நம்மவர்கள் புயல் என்றதும் முதலில் ஓடுவது மளிகைக் கடைக்கும் பால் வாங்கவும்தான். இந்த விதியின்படி உணவு கடைசி இடத்தில் வருகிறது. நீரில் மூழ்காமல் இருப்பது, உடலை உலர்வாக வைத்திருப்பது, தூய குடிநீர் ஆகியவை அதற்கு முந்தியவை.

நம் ஊரில் குளிர் ஏது என்று எண்ண வேண்டாம். நனைந்த உடையோடு இரவு முழுவதும் புயல்காற்றில் இருக்கும் கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். நெகிழி உறையில் இட்டுக் கட்டிய ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, தலைக்கு மேல் விரிக்க ஒரு தார்ப்பாய் ஆகிய மூன்றும், விலையுயர்ந்த எந்த இறக்குமதிப் பொருளையும்விட இங்கே முதன்மையானவை.

அடுத்து, பையில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றையும் வீட்டில் இருப்பு வைக்க வேண்டியவற்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். குடிப்பதற்கும் உணவுக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் நீர் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர். அதாவது இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள். இதைச் சுமந்து ஓட முடியாது. வீட்டில் உயரமான இடத்தில் இருக்கட்டும். பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் குப்பி போதும்.

பைக்கான பொருள்களைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதுமானவை. மின்சாரமின்றி இது இயங்குமா? வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைக் கையாளத் தெரியுமா? ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக்கு இது உதவுமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை தரும் பொருளுக்கே முதலிடம்.

அவ்வாறு பார்த்தால் பட்டியல் சிறியதாகிவிடும். தலையில் மாட்டிக்கொள்ளும் கைவிளக்கு ஒன்று. இரு கைகளும் வேலைக்கு விடுபடும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று. கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தாலும் அது பேசும். கழுத்தில் தொங்கவிடக்கூடிய ஊதல் ஒன்று. கூவிக் கூவிக் குரல் கம்மிவிடும், ஊதலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. விட்டு விட்டு மும்முறை ஊதுவது உலகின் பல பகுதிகளில் உதவி கோரும் குறியாக ஏற்கப்பட்டிருக்கிறது. பத்துப் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு, கத்தி, தீப்பெட்டியை நனையாமல் வைக்க மூடியுள்ள சிறு டப்பா, காயத்துக்கான துணிக்கட்டு, கிருமிநாசினி. அவலும் பொட்டுக்கடலையும் கடலை மிட்டாயும் அடுப்பு கேட்காத உணவுகள்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்வோர், ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பையில் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் பயன்படுத்துவோர் குளிர்பதனப் பெட்டி இயங்காதபோது, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் அதை நனையாமல் பாதுகாக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், நிலப்பட்டா, வங்கிக் கணக்கேடு ஆகியவற்றின் படிகள் நீர்புகா உறையில் இருக்கட்டும். வெள்ளம் வடிந்த பின் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கும்போது, ஆவணம் இல்லாத ஏழை இரண்டாம் முறை இழப்புக்கு ஆளாகிறார்.

பணத்தையும் மறக்கக் கூடாது. மக்கள் ஏன் ரொக்கம் வைத்திருக்க விரும்புகிறார்கள் என்பதற்கு 1936-இல் கெய்ன்ஸ் கூறிய காரணங்களுள் ஒன்று முன்னெச்சரிக்கை நோக்கம். கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம் பெருகிவிட்ட இக்காலத்தில் அந்த நோக்கத்தையே நாம் மறந்துவிட்டோம். மின்சாரம் போனால் பண இயந்திரமும் இயங்காது. கடைக்காரரின் கைப்பேசியும் அணைந்துவிடும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சிறு தொகை பையில் இருப்பது நல்லது. சில்லறை இல்லாத இடத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளும் சிக்கலாகிவிடும்.

பொருள்களுக்கு இணையான முதன்மை கொண்டவை செய்முறைகள். நீரைத் தூய்மையாக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் நோய்க்கிருமிகள் அழியும். அதற்கு முன் கலங்கலைத் துணியில் வடிகட்ட வேண்டும். விறகும் எரிவாயுவும் இல்லாதபோது குளோரின் மாத்திரை உதவும். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை உறையைப் படித்து முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய புடவைத் துணியை நான்காக மடித்து நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இது கொதிக்கவைப்பதற்கு மாற்றன்று. ஆனால், வேறு வழியே இல்லாதபோது நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய புடவையும் ஓர் உயிர்காப்புக் கருவிதான்.

வயிற்றுப்போக்கு கண்டால், தூய நீர் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுக்க வேண்டும். இந்த அளவு வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு.

வெள்ளத்தைப் பற்றிய அறிவும் அப்படியே. வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. உயரமே இருந்தாலும் வளர்ந்த மனிதரைத் தடுமாறி விழச் செய்யும், 60 செ.மீ. நீர் பெரும்பாலான கார்களை மிதக்கவைத்துவிடும். முழங்கால் அளவுதானே என்று தரைப்பாலத்தில் இறங்குவது துணிச்சலாகாது. இறுக மூடிய காலித் தண்ணீர் கேன் 20 லிட்டர் கொண்டதாயின், ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தாங்கி மிதக்கும். நீரில் இருப்பவரின் தலை மேலே நிற்க அது உதவும். ஆற்றில் ஒருவர் தத்தளித்தால், நீச்சல் தெரிந்தவரும் உடனே குதிக்காமல், கயிற்றில் கட்டிய கேனை அவரை நோக்கி எறிவதே இருவருக்கும் பாதுகாப்பு. அதற்குத்தான் அந்தக் கயிறு. அதற்கு ஒரு முடிச்சும் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளக் காலத்தில் பாம்புகளும் உலர்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வரும். கடித்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு விளைவிப்பவை. கடிபட்ட கை அல்லது காலை அசையாதவாறு ஒரு பலகையோடு தளர்வாகக் கட்டி, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவதே சரியான முறை.

புயலில் காற்று திடீரென ஓய்ந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று வெளியே வரக் கூடாது. புயலின் கண் நம்மைக் கடந்துகொண்டிருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும். அதேபோல், துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைச் செய்தியில் கேட்கிறோம், பொருளை அறிவோமா? 1, 2 எண்கள் தொலைவில் உருவான புயலைக் குறிப்பவை. 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயத்தைக் குறிப்பவை. 10-ஆம் எண், புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பது. 11-ஆம் எண், வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்பதன் அடையாளம். தொடர்பு அறுந்துபோகும் என்பதை எதிர்பார்த்தே அதற்கும் ஓர் எண்ணை ஒதுக்கிய முன்யோசனை நமக்கும் வேண்டும்.

இத்தகைய அறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று. சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், இருளர்கள் வெறுங்கையால் துழாவி மீனும் இறாலும் பிடிக்கிறார்கள். எந்த வாய்க்காலில் எப்போது நீர் ஏறும், எங்கே சேறு ஆளை விழுங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டக் கடற்கரையில் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த ஆய்வு, அலையாத்திக் காடுகளும் சவுக்குத் தோப்புகளும் தம் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதத்தைக் குறைத்ததாகப் பதிவு செய்து, 2005-இல் உலகப் புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. மீனவரின் முடிச்சையும், இருளரின் நீரறிவையும், மரமேறியின் கயிற்றையும் நம் பிள்ளைகள் கற்க எந்தப் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது?

இவ்வளவு எளிதான ஆயத்தத்தை நாம் ஏன் செய்வதில்லை? அமெரிக்கப் பேராசிரியர்கள் ராபர்ட் மேயரும் ஹோவர்ட் குன்ரூதரும் 2017-இல் வெளியிட்ட நூலில், மனிதர் பேரிடருக்கு ஆயத்தமாகாமைக்கு ஆறு மனச்சாய்வுகளைக் கூறுகிறார்கள். கிட்டப்பார்வை, மறதி, மிகையான நம்பிக்கை, சோம்பல், சிக்கலை ஒற்றைக் கோணத்தில் சுருக்கிப் பார்ப்பது, பிறரைப் பார்த்து நடப்பது என்பவை அவை. அடுத்த வீட்டுக்காரர் வாங்கவில்லை, எனவே நானும் வாங்கவில்லை. அவர் வாங்காததற்குக் காரணம் நான் வாங்காமை. சித்திரை வெயிலில் ஐப்பசி வெள்ளம் நினைவுக்கு வருவதில்லை.

மேற்கூறிய பையை, வீட்டில் ஏற்கெனவே உள்ள பொருள்களையும் பயன்படுத்திக்கொண்டால், சுமார் 2,000 ரூபாய்க்குள் ஆயத்தம் செய்துவிடலாம் என்பது என் கணக்கு. நிலையான வருமானம் உள்ளவருக்கு இது பெரிய தொகையன்று. ஆனால், ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் தாழ்வான குடிசைகளில் வாழும் தினக்கூலித் தொழிலாளிக்கு இது பல நாள் ஊதியம். ஆபத்து யாருக்கு மிகுதியோ அவரிடமே ஆயத்தத்துக்கான பணம் குறைவு. இதைத் தனிமனிதரின் பொறுப்பு என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

எனவே, தெருவுக்கு ஒரு பொதுப்பை என்னும் ஏற்பாட்டை ஊராட்சிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் மேற்கொள்ளலாம். நீளமான கயிறு, தார்ப்பாய்கள், கோடரி, அரிவாள், ஒலிபெருக்கி, குளோரின் மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டுக்கு வீடு வாங்கத் தேவையில்லை. அவை யார் வீட்டில் இருக்கின்றன, சாவி யாரிடம் என்பது தெருவினர் அனைவருக்கும் தெரிந்தால் போதும். 1995-இல் ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தினரும் அண்டை வீட்டாருமே. மீட்புப் படை எவ்வளவு விரைந்து வந்தாலும், முதலில் கைநீட்டக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'ஆப்த மித்ரா' திட்டத்தின் கீழ், 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியை மேற்கொண்டது. பாராட்டத்தக்க முயற்சி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வழியாக இப்பயிற்சி ஒவ்வொரு தெருவுக்கும் இறங்க வேண்டும். அக்டோபர் 13 உலகப் பேரிடர் குறைப்பு நாள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதற்குச் சில நாள்களே முந்தையது. அந்நாளில் கல்லூரிகளில் கருத்தரங்கு நடத்துவதோடு நில்லாமல், தம் ஊரின் பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையத்துக்கு முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பார்க்கலாம். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த இடத்தில் நீர் மறிக்கும், சக்கர நாற்காலி எங்கே சிக்கும் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும்.

வீட்டளவில் தொடங்க எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு மாலையில் வீட்டின் மின் இணைப்பை மூன்று மணி நேரம் அணைத்துவிடுங்கள். கைப்பேசிகளையும் அணைத்து வையுங்கள். குழாயைத் திறக்காமல், இருக்கும் நீரில் சமாளியுங்கள். பேரப்பிள்ளையை ஊதல் ஊதச் சொல்லுங்கள். பாட்டிக்குத் தலைவிளக்கை மாட்டிப் பாருங்கள். கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். 1077 என்பது மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண், 1070 மாநிலத்துக்கு உரியது என்பதைக் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். பையில் எது குறைகிறது, எது வீண்சுமை என்பதை அந்த மூன்று மணி நேரம் சொல்லிவிடும். குறைவதை அடுத்த வாரம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தெரியாத முடிச்சை அன்றிரவே கற்றுக்கொள்ளலாம்.